தற்காலிக ஐயா

அந்த நர்ஸிங் கல்லூரியில் ஏசி போட்ட அறைகள் மொத்தம் மூன்று. ஒன்று முதல்வர் அறை. இன்னொன்று பொருளாளர் அறை. மூன்றாவதில் ஐயா படுத்திருந்தார்.

ஐயா என்றதும் யாரோ பெரிய மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். ரப்பர் பொம்மை. மாணவிகள் ஊசி போடவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், புரட்டிப் படுக்கவைக்கவும் பழகுவதற்காக வாங்கிப்போட்ட ஆளுயரப் பொம்மை. வெயில் பட்டால் தோல் வெடிக்கும் என்று ஏசி. ஏசி பட்டால் தோல் சுருங்கும் என்று மேலே ஒரு கம்பளி. பயிற்சி வார்டு பதிவேட்டில் அவர் நோயாளி என்று பதிவாகியிருந்தார். நோயாளி என்று ஒருத்தர் பதிவேட்டில் இருந்தால் அவருக்கு மூன்று வேளையும் தட்டு வந்தாக வேண்டும், விதி. ஆகவே வந்தது. காலையில் பாலும் ரொட்டியும், மத்தியானம் சோறும் காயும் அவித்த முட்டையும், சாயங்காலம் கஞ்சி. மாணவிகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி எடுத்து ஐயாவின் வாய் வரைக்கும் கொண்டுபோய், அப்படியே திருப்பிக்கொண்டு வருவார்கள். ஊட்டும் பயிற்சி. முடிந்ததும் தட்டைத் தொட்டியில் கொட்டிவிட்டு, ‘நோயாளி நன்றாகச் சாப்பிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தட்டிலிருந்து எந்த மாணவியாவது ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டால் அது நோயாளியின் உணவைத் திருடிய குற்றம், ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே. இந்த விதியை எழுதின மகராசன் யாரோ, எழுதுகிற அன்றைக்கு அவருக்கு வயிறு நிறைந்திருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

வரிசையில் நாற்பத்தேழாவதாக நின்ற பெண்ணுக்குக் கல்லூரியில் நாற்பத்தேழு என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. உலகத்தில் அவளைக் ‘குட்டி’ என்று கூப்பிட மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜீவன். வேறு ஊரில் ஒரு தையல் ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கும் அவளுடைய அக்கா. அப்பா அம்மா போன பிறகு எல்லாம் அக்காதான். கல்லூரிச் சம்பளத்தை அக்கா எப்படியோ முழுசாகக் கட்டிவிட்டாள். ஆனால் பாருங்கள், சம்பளம் கட்டினது படிப்புக்கு. படிக்கிறவள் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கு யார் கட்டுவது? அறை வாடகை இருக்கிறது, பஸ் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, பாழாய்ப்போன வயிறு ஒன்று இருக்கிறது. “அதெல்லாம் நான் பாத்துக்கறேன்கா” என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தவள் அவள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு சலவைக் கடையில் துணி மடித்தாள். அதில் வாடகையும் ஒன்றரை வேளைச் சாப்பாடும் ஓடியது. மூன்றாம் மாதம் யாரோ போய்ப் பற்றவைக்க, முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார்.

“நர்ஸ் தொழில்ங்கறது தொண்டும்மா” என்றார் முதல்வர். நல்ல குரல், கேட்டால் தூக்கம் வரும். “தொண்டு செய்ய வந்தவ காசுக்கு வேலை பாத்தா மனசு அழுக்காயிடும். நான் கஷ்டமே படாம வந்தேன்னு நினைக்காதே. எங்க வீட்டுச் சமையக்காரம்மா லீவு போட்ட நாள்ல நானே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டுக் காலேஜுக்குப் போயிருக்கேன்.”

நாற்பத்தேழு தலையைக் குனிந்துகொண்டாள்.

“இனிமே அந்தக் கடைப் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, பேரை எடுத்துடுவேன். கஷ்டமா இருந்தா வாழ்க்கைச் செலவு உதவித்தொகைக்கு மனு போடு. அதுக்குன்னு நிதி இருக்கு. இருபது வருஷமா ஒரு பைசா குறையாம அப்படியே இருக்கு.”

இருபது வருஷமாக ஏன் குறையவில்லை என்று நாற்பத்தேழுக்குக் கேட்கத் தோன்றவில்லை. புதுசு பாவம்.

மனு வாங்கும் ஜன்னலில் குமாஸ்தா இருந்தார். ஒரு பன்னை டீயில் தோய்த்துக்கொண்டே படிவத்தைப் புரட்டினார்.

“இந்த மாசம் சாப்பிட்டதுக்கு ரசீது எங்கேம்மா?”

“சாப்பிடலை சார். அதனாலதான் மனு.”

“சாப்பிடலைன்னா செலவு இல்லை. செலவே இல்லாதவங்களுக்கு வாழ்க்கைச் செலவு எதுக்கு?”

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அந்த ஜன்னலின் விசேஷம். அங்கே நிற்கிற வரைக்கும் எல்லாம் நியாயமாகவே படும்.

“சரி, ரசீது வேணாம். பசி இருக்குன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. ஆனா ஒண்ணு, அதுல பலவீனம்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. பலவீனம்னா இந்தப் படிப்புக்குத் தகுதி இல்லைன்னு வெளியே அனுப்பிடுவாங்க.”

“பசி இருக்கணும், பலவீனம் இருக்கக் கூடாதா சார்?”

“ஆரோக்கியமான பசி” என்றார் குமாஸ்தா. சொல்லிவிட்டு பன்னை வாயில் போட்டுக்கொண்டார்.

ஆரோக்கியமான பசிக்குச் சான்றிதழ் வாங்க அவள் ஐந்து டாக்டர்களைப் பார்த்தாள். நாலு பேர் சிரித்தார்கள். ஐந்தாமவர் பாவப்பட்டு எழுதிக் கொடுத்தார்.

அவள் இருந்த அறை மூன்றாவது மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், எதிர்ச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல், ஏறிக்கொண்டே போகும் வாடகை பாக்கி. விடுதிக்குப் பணம் கட்ட முடியாததால் கூட இருக்க ஆளில்லை. கல்லூரியில் மத்தியானம் மற்றவர்கள் கும்பலாக கேன்டீனுக்குப் போகும்போது, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நூலகத்தில் போய் உட்காருவாள். முதல் வாரம் “இன்னுமா வயிறு சரியாகலை?” என்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தி கேட்டாள். அப்புறம் கேட்க மறந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒரே பதிலை எத்தனை நாள்தான் கேட்பார்கள்? பசியைக்கூடத் தண்ணீரைக் குடித்துப் பொறுத்துக்கொண்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தன்னோடு ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாத நாட்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்படிப்பட்ட நாளிலும் நாலு மணிக்குப் போன் அடிக்கும். ஆலையில் டீ இடைவேளை. அக்காவுக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம்.

“சாப்பிட்டியா குட்டி?”

“சாப்பிட்டேன்கா. நீ?”

“ஆச்சு ஆச்சு. நல்லாப் படி.”

பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல், அப்புறம் மணி, அப்புறம் ஒன்றுமில்லை. அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் அவள் நாள் முழுக்க ஓட்டினாள். உண்மையைச் சொன்னால் அக்கா என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். தன் தட்டை அப்படியே பார்சல் கட்டி அனுப்புகிற ரகம். அதனால் தினமும் சாப்பிட்டாள், போனில்.

மனுவை விசாரிக்க உதவித்தொகைக் குழு கூடியது. முதல்வர், பொருளாளர், பயிற்சி வார்டு மேடம் ஆகிய மூன்று பேர். மேஜை மேல் வறுத்த முந்திரி, பிஸ்கட், மூன்று கப் காபி. நாற்பத்தேழின் கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான், முந்திரித் தட்டின் பக்கம் போனது. பொருளாளர் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“தப்பா நினைக்காதேம்மா. இது குழுவோட செலவுல வாங்கினது. மனுதாரர் தொட்டா லஞ்சம் மாதிரி ஆயிடும்.”

பிறகு பொருளாளர் பேசினார். “இந்த நிதியை நான் பெத்த பிள்ளை மாதிரி காப்பாத்திட்டு வர்றேன். இதுவரைக்கும் இருநூத்திப் பத்துப் பேர் மனு போட்டாங்க. ஒருத்தருக்குக் குடுத்தா மத்த இருநூத்தி ஒன்பது பேர் மனசு புண்படும். பாரபட்சம் காட்டக் கூடாதுன்னு ஒருத்தருக்குமே குடுக்கலை. தனக்கு மிஞ்சித்தான் தானம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?” முந்திரி இரண்டு உள்ளே போனது. “ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு, விசாரிக்காம தள்ளக் கூடாது. சொல்லும்மா, நீ நிஜமாவே பசியா இருக்கியா?”

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது. மணி நாலு.

“யாரு?”

“எங்க அக்கா.”

“ஸ்பீக்கர்ல போடு” என்றார் பொருளாளர். “குடும்பத்தை விசாரிக்கணும்னு விதி இருக்கு. நேர்ல போனா பயணப்படி ஆகும். இது மிச்சம்.”

ஸ்பீக்கரில் போட்டாள். மிஷின் இரைச்சல் அறை முழுக்க வந்தது. “சாப்பிட்டியா குட்டி?” என்றது குரல்.

“நான் காலேஜ் முதல்வர் பேசறேன்” என்றார் முதல்வர்.

 அக்காவின் குரல், எழுந்து நின்றுகொண்டு பேசுவது போல. “வணக்கம் மேடம். எங்க குட்டி எதாவது தப்புப் பண்ணிட்டாளா?”

“இல்லை இல்லை. உங்க தங்கச்சி ஒழுங்கா சாப்பிடறாளான்னு தெரிஞ்சுக்கணும்.”

“மூணு வேளையும் சாப்பிடறா மேடம்!” அக்கா குரலில் அப்படி ஒரு பெருமை. “ஒரு நாள் தப்பாம கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாள்கூட இல்லைன்னு சொன்னதில்லை. பெத்தவங்க இல்லாத பிள்ளை மேடம். இப்படி வயிறு வாடாம பாத்துக்கறீங்களே, உங்களுக்குக் கோடி புண்ணியம்.”

மணி அடித்தது, போன் அணைந்தது. முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நிஜமாகவே. பொருளாளர் அந்த வாக்கியத்தை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொன்னார். கோடி புண்ணியம் என்பதற்குக் கீழே ஒரு கோடும் போடச் சொன்னார்.

அப்போதாவது நாற்பத்தேழு வாயைத் திறந்து, நான் அக்காவிடம் பொய் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவைக் கூப்பிட்டு மறுபடி விசாரிப்பார்கள், விஷயம் அக்காவுக்குத் தெரிந்துபோகும். அவள் சொல்லவில்லை. மனு தள்ளுபடி ஆனது. ‘போலிப் பசி, முதல் எச்சரிக்கை’ என்று கோப்பில் ஏறியது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதை.

அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டுப் போயிருப்பாள். ஐயாதான் காப்பாற்றினார்.

நெஞ்சை அழுத்தி மூச்சு வரவைக்கும் பயிற்சியில் பன்னிரண்டு என்கிற பலசாலிப் பெண் கொஞ்சம் பக்தியோடு அழுத்திவிட்டாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். ஐயாவின் நெஞ்சு உள்ளே போனது போனதுதான். பழுது பார்க்க ஆறு வாரம் ஆகும் என்றான் கம்பெனிக்காரன்.

கல்லூரி கதிகலங்கிப் போனது. ஏன் என்று கேட்பீர்கள். மூன்று ஏசிக்கும் அனுமதி வாங்கியிருந்தது ஐயாவின் பெயரில். நோயாளியின் நலனுக்கு ஏசி மூன்று என்று ஆணை. படுக்கை பதினைந்து நாள் காலியாகக் கிடந்தால் நோயாளிக் கணக்கு முடிந்துவிடும். முதல்வர் அறையிலும் பொருளாளர் அறையிலும் காற்று நின்றுவிடும். அது கோடைக்காலம் வேறு. ஆய்வுக்குழுவும் வரப்போகிறது.

குழு அவசரமாகக் கூடியது. மனுவைப் பார்க்க நாலு மாதம் எடுத்துக்கொண்ட அதே குழு, அரை மணி நேரத்தில் முடிவு செய்தது. ஆணை இப்படி இருந்தது: ‘ஐயா திரும்பும் வரை மாணவி எண் நாற்பத்தேழு தற்காலிக ஐயாவாக நியமிக்கப்படுகிறார். காரணம்: எடை குறைவு, புரட்டுவதற்கு எளிது.’

நாற்பத்தேழு கம்பளிக்குள் படுத்தாள். முதல் நாள் காலை பன்னிரண்டு கரண்டியைக் கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் வாயருகே வந்ததும் திருப்பினாள்.

“உள்ளேயே குடு” என்றார் வார்டு மேடம். “இவர் முழுங்குவார்.”

பாலில் ஊறின ரொட்டி. நாற்பத்தேழு முழுங்கினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தும் நிற்கவில்லை.

“எல்லாரும் கவனிங்க” என்றார் மேடம். “நோயாளிக்குக் கண்ணில் கசிவு. பஞ்சை எடுத்து உள் ஓரத்துலேர்ந்து வெளி ஓரத்துக்கு ஒரே இழுப்பு. மூணு மதிப்பெண்.”

மாணவிகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு இழுப்பு இழுத்தார்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு, ஏசி, கம்பளி. ஒரு மாணவியாக இருந்து வாங்க முடியாததை எல்லாம் ஒரு பொம்மையாக இருந்து வாங்கினாள். ஒரு வாரத்தில் கன்னத்தில் நிறம் வந்தது. வார்டு மேடத்திடம் ஒரு பட்டியல் இருந்தது, நாற்பது வரி. ஒவ்வொருத்தியும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். ‘நோயாளியின் கையைத் தொடுதல், இரண்டு மதிப்பெண்.’ ‘புன்னகை, ஒன்று.’ கடைசி வரி, ‘சாப்பிட்டீர்களா என்று கனிவாகக் கேட்டல், ஒன்று.’

முதல் தடவை ஒருத்தி கையைப் பிடித்து “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டபோது நாற்பத்தேழுக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை மாதமாயிற்று, நேரில் ஒருத்தர் கேட்டு! “இன்னும் இல்லை” என்றாள்.

அந்தப் பெண் அலறிக் கையை விட்டாள். “மேடம், ஐயா பதில் சொல்றாரு!”

மேடம் வேகமாக வந்தார். “நாப்பத்தேழு, பட்டியல்ல பதிலுக்கு இடமே இல்லை. நீ பேசினா இவங்க குழம்பிடுவாங்க. சும்மா படு.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஒரு நாளைக்கு வகுப்பின் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அவள் கையைத் தொட்டார்கள், ஐம்பத்தொன்பது பேர் சிரித்தார்கள், ஐம்பத்தொன்பது பேர் சாப்பிட்டீங்களா என்று கேட்டார்கள். கேட்டு முடிக்கும்போதே பேனாவை எடுத்து அந்த வரிக்கு எதிரே டிக் அடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தியும் அரை நொடி நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து அறையில்கூட அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஆய்வுக்குழு வந்தது. தலைவர் அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். “பிரமாதம்! தோல் எவ்வளவு இயற்கையா இருக்கு! என்ன விலை?”

“விலையே இல்லைங்க” என்றார் பொருளாளர். “இங்கேயே கிடைச்சுது.”

ஆறு வாரம் கழித்து ஐயா புது நெஞ்சோடு திரும்பினார். மறுநாள் நாற்பத்தேழின் பெயரில் நோட்டீஸ். ஆறு வாரமாக வகுப்புக்கு வரவில்லை.

“சார், நான் வார்டுலதானே இருந்தேன்? அந்தப் படுக்கையில?” என்றாள் ஜன்னலில்.

குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். “படுக்கையில இருந்தது ஐயா. நல்லாச் சாப்பிட்டார்னு தினமும் கையெழுத்து இருக்கு பாரு. நீ எங்கே இருந்தே?”



இருந்தாலும் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. செய்முறைத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால் வருகைக் குறைவை மன்னிக்கலாம். இல்லையென்றால் பெயர் போகும், அக்கா கட்டின சம்பளம் அதோடு போகும். நாற்பத்தேழு அசரவில்லை. அந்தப் பட்டியல் அவளுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? நாற்பது வரியும் அவள் உடம்பிலேயே நடந்தவை.

தேர்வன்று ஐயா முன்னால் போய் நின்றாள். புரட்டினாள், துடைத்தாள், கட்டுப் போட்டாள். எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அங்கே அழுத்தவில்லை. மேடமே பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது ஆயிற்று. கடைசி வரி. கையைப் பிடித்தாள், குனிந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

கேட்டுவிட்டு நின்றாள்.

ஐயா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆச்சும்மா, டிக் அடிச்சிட்டு நகரு” என்றார் மேடம்.

“பதில் வரட்டும் மேடம்.”

“அது பொம்மைடி!”

“தெரியும் மேடம். நானும் அங்கே படுத்திருந்தேன்.” பேனாவை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கட்டின பணம் தெரியும், காலர் தைக்கும் கை தெரியும். ஆனால் பிடித்த கையை விட முடியவில்லை. “கேட்டுட்டு ஓடுறது என்னால முடியலை.”

மணி அடித்தது. கடைசி வரி பூஜ்யம், காரணம் காலதாமதம். தொண்ணூற்றொன்பது.

முதல்வர் கூப்பிட்டு வருத்தப்பட்டார். “சட்டம் சட்டம்தான்மா, பேரை எடுத்தாச்சு. ஆனா எங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. ஆய்வுக்குழு இவ்வளவு இயற்கையான பொம்மையை எங்கேயும் பாத்ததில்லைன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. ஐயா வேலையை நிரந்தரமா உனக்கே தர்றோம். மூணு வேளை சாப்பாடு, ஏசி. பேசாம படுத்திருந்தா போதும்.”

“வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்” என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். நாலு மணிக்குப் போன் அடித்தது.

“சாப்பிட்டியா குட்டி?”

“இல்லைக்கா.”



“இன்னிக்கு மட்டுமாடி?”

“இல்லைக்கா. ரொம்ப நாளா.” அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள், ஐயா வேலை உட்பட. கொட்டி முடித்துவிட்டு, “நீ சாப்பிட்டியாக்கா?” என்றாள்.

“ஆச்சு ஆச்சு.”

நாற்பத்தேழு போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஐயாவிடம் நின்ற மாதிரியே பேசாமல் காத்திருந்தாள். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “இல்லை குட்டி” என்றாள் அக்கா. “உன் சம்பளம் கட்டினதுலேர்ந்து மத்தியானம் சாப்பிடறது இல்லை. நான் மூத்தவடி, நான் பொய் சொல்லலாம். நீ சொல்லலாமா?”

இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

“அந்தப் பொம்மை வேலை உனக்கு வேணாம். பஸ் ஏறி வந்துடு. படிப்பை என்ன பண்றதுன்னு அப்புறம் உக்காந்து யோசிப்போம். ஒரு வேளையாவது ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்.”

“சரிக்கா.”

ஆலையில் மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்தது. அக்கா போனை வைக்கவில்லை.